40 நிமிடத்தில் ஒரு மல்யுத்தக் கதை: எந்த விளையாட்டு யாருக்கு?

இரவு 9.45 மணிக்குச் சமையலறை விளக்கு அணைந்து, மகனும் உறங்கிய பிறகு, மறுநாள் காலை 6 மணிக்கு எழுந்தாக வேண்டும் என்ற கணக்கையும் வைத்துப் பார்த்தால், வேலைநாள்களில் எனக்கென்று மிஞ்சுவது சுமார் 40 நிமிடம். வாரத்தில் நான்கு இரவுகள் இப்படிக் கிடைக்கும். சனிக்கிழமை இரவு மட்டும் இரண்டரை மணி நேரம் வாய்க்கும். அதுவும் வீட்டுக்கு விருந்தினர் வராதிருந்தால்தான். இந்த நேரத்துக்குள் கதையுள்ள மல்யுத்த வீடியோ கேம்களை விளையாட முயன்று, மூன்று ஆண்டுகளில் சிலவற்றை முடித்தும் சிலவற்றைப் பாதியில் விட்டும் இருக்கிறேன். அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்து, நேரமில்லாதவர் எதை எடுப்பது நல்லது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் பெரும்பாலோர் கேட்பது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தான். கோடை விடுமுறை முழுவதும் கையில் இருந்த வயதில் அது சரியான கேள்வி. இப்போது அது ஏமாற்றும் கேள்வி. 30 மணி நேரக் கதையை 40 நிமிடத் துண்டுகளாக மூன்று மாதத்தில் முடித்துவிடலாம்; ஆனால் 8 மணி நேரமே ஓடும் ஒரு கதை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் உட்காரச் சொன்னால் அதை என்னால் முடிக்கவே முடியாது. ஆகவே நான் வேறு மூன்றைப் பார்க்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தி எழுந்துபோக முடியும் என்பது ஒன்று. பத்து நாள் கழித்துத் திரும்பினால் கதையும் கைப்பழக்கமும் எவ்வளவு மறந்திருக்கும் என்பது மற்றொன்று. நான் இல்லாத நாள்களில் விளையாட்டு எனக்காகக் காத்திருக்குமா, அல்லது நாள்காட்டியை வைத்துக்கொண்டு என்னை விரட்டுமா என்பது மூன்றாவது.

இந்தக் கேள்விகளை மல்யுத்த விளையாட்டுகளிடம் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தொழில்முறை மல்யுத்தமே அடிப்படையில் ஒரு தொடர்கதை. இன்று டபிள்யூடபிள்யூஇ எனப்படும் அமெரிக்க மல்யுத்த நிறுவனம் 1993 ஜனவரியில் தொடங்கிய 'ரா' நிகழ்ச்சி திங்கள்தோறும் வருகிறது. நாற்காலியால் முதுகில் அடிப்பவன் யார் என்று காட்டிய மறுகணம் நிகழ்ச்சி முடிந்துவிடும். அடுத்த திங்கள்வரை பார்ப்பவர் காத்திருப்பார். சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய நிகழ்ச்சியில் பகை தீரும். வார இதழில் 'தொடரும்' என்ற சொல்லோடு கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. மூலக் கலையே இப்படி வாரத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும்போது, அதை வைத்துச் செய்யப்படும் விளையாட்டு நேரமில்லாதவருக்கு இயல்பாகவே பொருந்தியிருக்க வேண்டும். சில விளையாட்டுகள் அந்த வெட்டை அப்படியே காப்பாற்றுகின்றன. சில அதை அழித்துவிட்டு, சினிமா எடுக்கிறோம் என்று கிளம்பிவிடுகின்றன.

முதலில், பெரும்பாலோர் மனத்தில் முதலில் வரும் டபிள்யூடபிள்யூஇயின் 2கே வரிசை. 2019 அக்டோபரில் வந்த 2கே20 கோளாறுகள் மலிந்து கேலிக்குள்ளானது. அடுத்த ஆண்டு இந்த வரிசையில் முழு விளையாட்டு வெளிவராமலே போய், 2022 மார்ச்சில் 2கே22 மூலம் வரிசை மீண்டெழுந்தது. அது முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒன்று வருகிறது. இதில் கதைக்கென்று இருப்பவை இரண்டு: நாமே ஒரு வீரரை உருவாக்கி வளர்க்கும் மைரைஸ், நடந்த வரலாற்றை மறுபடி விளையாடும் ஷோகேஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரு பகுதிகள்தாம். நேரம் குறைந்தவருக்கோ இவை முற்றிலும் வேறான இரண்டு விளையாட்டுகள்.

மைரைஸில் கதை என்ற பெயருக்கு உண்மையிலேயே ஒரு கதை இருக்கிறது. 2கே22இல் அது ஆர்லாண்டோவிலுள்ள பயிற்சி மையத்தில் தொடங்கி, யாரிடம் பேசுகிறோம், எந்தச் சண்டையில் தலையிடுகிறோம் என்பதற்கேற்பக் கிளைவிடும். 2கே23இல் ஆணுக்கு ஒரு கதை, பெண்ணுக்கு வேறொரு கதை. பெண்ணின் கதை, புகழ்பெற்ற வீராங்கனை ஒருவரின் உறவுக்காரியாக இருப்பதே சுமையாகிப்போனவளைப் பற்றியது. அது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. 2கே24இல் ரோமன் ரெயின்ஸ் பட்டத்தை விட்டுவிட்டு ஹாலிவுட்டுக்குப் போய்விட, காலியான அந்த இடத்துக்கு நம் வீரன் வருகிறான். எல்லாரும் அவனை 'உண்மையான சாம்பியன் நீ இல்லை' என்ற கண்ணோடு பார்க்கிறார்கள். 2கே25இல் ஆண், பெண் இருவரையும் உருவாக்கி, ஒரே கதைக்குள் இருவராகவும் மாறி மாறி விளையாடுகிறோம். கதைச்சுவை வேண்டும் என்று மட்டும் கேட்டால், இந்த வரிசையில் என் பதில் மைரைஸ்தான்.

ஆனால் 40 நிமிடத்தை அதன் முன் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஓர் இரவு நான் எழுதிவைத்த கணக்கு இது: விளையாட்டு திறந்து, சேவ் எடுத்து, என் வீரன் அரங்கத்தின் பின்புறத்தில் வந்து நிற்க 3 நிமிடம், போனில் வந்திருந்த செய்திகளைப் படித்து, இருவரிடம் பேசி, எந்தக் கிளையில் போவது என்று முடிவு செய்ய 11 நிமிடம், காட்சி ஒன்று 4 நிமிடம், லோடிங், வீரர்களின் வருகை, ஆட்டம் 12 நிமிடம், அதில் தோற்று மறுபடி 10 நிமிடம். மணி 10.28. ஆட்டத்துக்குப் பிந்தைய காட்சி தொடங்குகிறது. அதைப் பார்க்க நேரமில்லை. தாண்டிவிட்டுப் படுக்கப் போனால், எதற்காக ஆடினேனோ அதுவே போய்விட்டது. கதையில் முடிச்சு விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் காட்சியில்தான். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்தது போலாயிற்று.

திரும்பி வரும்போதும் மைரைஸ் சுமைதான். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் இரண்டு வாரம் கன்ட்ரோலரைத் தொடாமல் இருந்துவிட்டு வந்தபோது, என் வீராங்கனையின் கூட்டாளி யார், துரோகி யார் என்பதே எனக்குக் குழம்பிப்போயிருந்தது. முன்கதைச் சுருக்கம் என்று ஒரு பக்கம் இருந்திருந்தால் போதும். எந்தத் தொடர்கதைக்கும் அது இருக்கும். இங்கே பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து நாமே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே மைரைஸ் சனிக்கிழமைக்கு உரியது. இரண்டரை மணி நேரம் கிடைத்தால், இரண்டு மூன்று ஆட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த காட்சிகளும் நிம்மதியாக முடியும்; ஒரு பகையின் தொடக்கமும் உச்சமும் ஒரே அமர்வில் வந்துவிடும். வேலைநாள் இரவில் அதைத் தொடக்கூடாது என்பதை நான் மூன்று மாதம் தூக்கத்தைத் தொலைத்துக் கற்றேன்.

ஷோகேஸ் இதற்கு நேரெதிர். கதையை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே நடந்த கதை. 2கே22இல் முகமூடி வீரர் ரே மிஸ்டீரியோவின் வாழ்க்கை. 1997ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் எடி கெரேரோவோடு அவர் ஆடிய புகழ்பெற்ற ஆட்டமும் அதில் உண்டு. 2கே24இல் டபிள்யூடபிள்யூஇயின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 40 ஆண்டு. 2கே25இல் ரோமன் ரெயின்ஸின் சமோவன் குடும்பத்து வரலாற்றை, அவருக்கு நெடுநாள் மேலாளராக வந்த பால் ஹேமன் தமக்கே உரிய நீட்டி முழக்கும் குரலில் சொல்கிறார். நடந்ததை நடந்தபடி ஆடுவதோடு, சில இடங்களில் முடிவை மாற்றவும் நடக்காத ஆட்டத்தை நடத்தவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டம். தொடக்கத்தில் சிறு விளக்கம், நடுவில், சில பதிப்புகளில், விளையாட்டுக் காட்சி உண்மையான பழைய ஒளிப்பதிவாக மாறும் இடங்கள், முடிவில் ஒரு பெருமூச்சு. என் கையில் ஓர் ஆட்டம் 20 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எழுந்துபோக இதைவிட நல்ல இடம் கிடையாது.

இவற்றில் 2கே23இன் ஷோகேஸை நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஜான் சீனாவின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் பகுதியில் நாம் சீனாவாக ஆடுவதில்லை. அவரைத் தோற்கடித்தவர்களாக ஆடுகிறோம், கதையைச் சீனாவே சொல்கிறார். 2006 ஜூனில் நியூயார்க்கின் ஹாமர்ஸ்டீன் அரங்கில் ராப் வான் டாமோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு நினைவிருக்கும்: அரங்கம் முழுவதும் சீனாவுக்கு எதிரானது, அவர் கழற்றி வீசிய சட்டையைக் கூட்டம் திருப்பித் திருப்பி ரிங்குக்குள்ளேயே எறிந்தது. அந்த ஆட்டத்தை வான் டாமாக ஆடும்போது, கதை என்பது காட்சிகளுக்கு நடுவே சொருகப்படும் ஒன்றல்ல, ஆட்டமே கதைதான் என்பது கைவழியே புரிகிறது. 2014 சம்மர்ஸ்லாமில் பிராக் லெஸ்னர் சீனாவைச் சக்கையாகப் பிழிந்தெடுத்த ஆட்டமும் அப்படியே. லெஸ்னராக அவரைத் தூக்கித் தூக்கிப் பின்னால் எறிகையில், சீனாவின் குரல் தம் தோல்வியைத் தாமே விவரித்துக்கொண்டிருப்பது ஒரு விசித்திரமான அனுபவம்.

ஷோகேஸின் குறை என்னவென்றால், அது ஆட விடாது, ஆட்டுவிக்கும். 'இந்த மூலைக்குக் கொண்டுபோ, இந்த அடியைக் கொடு, இப்போது வெளியே இறங்கு' என்று வரிசையாகக் கட்டளை வந்துகொண்டே இருக்கும். கட்டளைகளைச் செய்துகொண்டிருக்கும்போதே எதிராளி நம் தோள்களைத் தரையில் அழுத்தி 'பின்' செய்து வென்றுவிட்டால் எரிச்சல் மண்டையைப் பிளக்கும். இதற்கு எளிய வழி, கடினத்தைக் குறைத்துவிடுவதுதான். பலர் இதை மானப் பிரச்சினையாக நினைக்கிறார்கள். வரலாற்றுப்படி வெல்லவேண்டியவன் வெல்லப்போகிறான். அதற்கு நான் மூன்று இரவுகளைச் செலவிட்டு யாருக்கு நிரூபிக்க வேண்டும்?

இந்த இரண்டுக்கும் இடையில் வருவது டபிள்யூடபிள்யூஇக்குப் போட்டியான ஏஇடபிள்யூ நிறுவனத்தின் பெயரில் 2023 ஜூனில் வெளியான ஏஇடபிள்யூ ஃபைட் ஃபாரெவர். இதைச் செய்தவர்கள் நெடுங்காலம் டபிள்யூடபிள்யூஇ விளையாட்டுகளைச் செய்த யூக்ஸ் நிறுவனத்தார். 2000ஆம் ஆண்டு நிண்டெண்டோ 64இல் வந்த நோ மெர்சி போன்ற விளையாட்டு மீண்டும் வரவேண்டும் என்ற நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது. இதன் கதைப் பகுதியான ரோடு டு எலீட், ஓர் ஆண்டை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வாரங்களாக நடத்தி, பெரிய நிகழ்ச்சி ஒன்றில் கொண்டுபோய் முடிக்கிறது. வாரத்துக்குள் உடற்பயிற்சி செய்யலாம், ஊர் சுற்றலாம், ஊருக்கேற்ற உணவைச் சாப்பிட்டு உடல்வலுவைத் தேற்றலாம், பத்திரிகையாளரைச் சந்திக்கலாம், பிறகு ஆட்டம். என் 40 நிமிடத்தில் ஒரு வாரம் சாவகாசமாகவும், விரட்டினால் இரண்டு வாரமும் முடிகின்றன. ஆட்டங்கள் வேகமானவை, கட்டுப்பாடுகள் எளியவை, காட்சிகள் குறுகியவை.

கதை? அங்கேதான் கஞ்சத்தனம். வசனத்துக்குக் குரல் இல்லாத இடங்கள் அதிகம். பாத்திரங்கள் வந்து நின்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். 2019இல் தொடங்கிய ஏஇடபிள்யூ நிறுவனத்தின் உண்மை நிகழ்வுகள் ஒளிப்பதிவாக நடுநடுவே வந்தாலும், நம் வீரனின் வாழ்க்கைக்கும் அவற்றுக்கும் ஒட்டும் உறவும் மெல்லியதுதான். இரண்டாம் முறை வேறு வீரனோடு ஆடினால் அதே சாப்பாடு, அதே ஊர், அதே சிரிப்பு. ஆனாலும் வாரம் என்ற வெட்டை இவ்வளவு நேர்மையாக வைத்திருக்கும் விளையாட்டு வேறொன்று நான் ஆடியவற்றில் இல்லை. கதை 10 மதிப்பெண்ணுக்கு 5, பொருத்தம் 9 என்று சொல்வேன். வேலைநாள் இரவுக்கு, மல்யுத்தப் பழைய வரலாற்றில் பற்றில்லாதவர் ஷோகேஸுக்குப் பதில் இதை எடுக்கலாம்.

நோ மெர்சியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அதில் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு கதைமரம் இருந்தது. ஆட்டத்தில் தோற்றால் மறுபடி ஆடு என்று சொல்லாமல், தோற்றவனின் கதையாகவே அது வேறு கிளையில் ஓடியது. நேரமில்லாதவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை: எந்த இரவும் வீணாகாது. கால் நூற்றாண்டு கழிந்தும், தோல்வி என்றால் 'மீண்டும் முயல்க' என்று பலகை காட்டும் விளையாட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வருகிறது. அதன் தொடக்கக் கார்ட்ரிஜ்களில் சேவ் தானே அழிந்துபோகும் கோளாறு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கையில் கன்ட்ரோலரோடு தொலைக்காட்சி முன் உட்காரும் நேரமே இல்லாதவர், பேருந்திலும் ரயிலிலும் கழியும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். அவர்களுக்கு 2023 ஆகஸ்டில் வந்த ரெஸ்ல்குவெஸ்டைச் சொல்வேன். இது அடிதடி விளையாட்டு அல்ல. முறைவைத்து மாறி மாறி ஆடும் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக இருந்து கதையில் வளரும் வகை. பொம்மைகளால் ஆன உலகம். பழைய மல்யுத்த நட்சத்திரம் ராண்டி சாவேஜைத் தெய்வமாகக் கும்பிடும் முச்சாச்சோ மேன் என்ற இளைஞன் பெரிய வீரனாக ஆசைப்படுகிறான். ஆண்ட்ரே போன்ற உண்மை மல்யுத்த வீரர்களும் பொம்மை உருவில் வந்துபோகிறார்கள். முறைவைத்த சண்டை என்பதால் நடுவில் யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், எதிராளி காத்திருப்பான். கையில் வைத்து ஆடும் நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலோ ஸ்டீம் டெக்கிலோ பொத்தானை அழுத்தித் தூங்க வைத்தால், மறுநாள் அதே இடத்தில் விழிக்கும்.

நீளம் இதன் சிக்கல். பல பத்து மணி நேரம் ஓடும் கதையில் நடுப்பகுதி ரப்பராக இழுபடுகிறது. இரண்டு மூன்று நாயகர்களின் கதைகள் மாறி மாறி வருவதால், ஒரு வாரம் விட்டு வந்தால் யாருடைய பயணத்தில் எங்கே நிற்கிறோம் என்று தேட வேண்டியிருக்கும். அடிகளின் நேரக்கணக்குப் பொத்தான்கள் மட்டும் மறப்பதில்லை. அவை திரையிலேயே தெரிகின்றன. நாள்தோறும் பயணம் செய்பவருக்கு இது ஒரு பருவம் முழுவதும் துணைவரும். வாரத்தில் ஒருநாள் மட்டும் பயணம் செய்பவர் இதை எடுத்தால் நடுவழியில் இறங்கிவிடுவார்.

படிப்பதில் விருப்பமுள்ளவர்க்கு இன்னொன்று உண்டு: ஸ்பைக் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்டுக்குத் தனியே விற்கப்படும் ஃபைட்டிங் ரோடு என்ற கதைத் தொகுப்பு. ஜப்பானின் நியூ ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. தரையைத் துடைத்து, மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்யும் நிலையிலிருந்து ஓர் இளைஞன் மேலே வருகிறான்; படமும் எழுத்துமாக நாவல் போலக் கதை நகர்கிறது, இடையிடையே ஆட்டம். கதையை மட்டும் பார்த்தால் இங்கே சொன்ன எல்லாவற்றிலும் மனத்தில் தங்கியது இதுதான்: தோற்ற பிறகு மூத்தவர் ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு ஓர் இளம் வீரனிடம் என்ன எடை உண்டு என்பதை எழுதியவர் அறிந்திருக்கிறார். ஆனால் ஃபயர் ப்ரோவில் பட்டனை விரைந்து தட்டிப் பயனில்லை. இரு வீரர்களும் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில், சரியாக அமுக்க வேண்டும். அந்தத் தாளம் கையில் ஏற ஒரு வாரம் பிடிக்கும். பத்து நாள் விட்டால் இறங்கிவிடும். தினமும் 20 நிமிடமாவது ஒதுக்க முடிகிறவர்க்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

கைப்பழக்கம் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இரண்டு மல்யுத்த விளையாட்டுகளை ஒரே மாதத்தில் மாற்றி மாற்றி ஆடக்கூடாது. 2கே வரிசையில் எதிராளியின் அடியைத் திருப்ப, ப்ளேஸ்டேஷன் கன்ட்ரோலரில், முக்கோணப் பொத்தான். ஃபைட் ஃபாரெவரில் அடிக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று எனத் தோள்பட்டைப் பொத்தான்கள். இதை அறிந்திருந்தும் சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை மற்றொன்று என்று ஆடி, கட்டைவிரல் முக்கோணத்தில் போய் நிற்க, பட்டத்தை இழந்திருக்கிறேன். விளையாட்டின் மீது எந்தக் குற்றமும் இல்லை.

கதையை வேறொருவர் எழுதித் தரவேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு 2கே வரிசையிலேயே யுனிவர்ஸ், மைஜிஎம் என இரண்டு உண்டு. யுனிவர்ஸில் நாள்காட்டி நம் கையில். யார் யாரோடு பகை, எப்போது துரோகம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். சுதந்திரம் அதிகம், ஆனால் 40 நிமிடத்தில் பாதி பட்டியல் போடுவதிலேயே போய்விடுகிறது. மைஜிஎம் அதைவிடக் கச்சிதம்: நிகழ்ச்சியை நடத்தும் முதலாளியாக வீரர்களை எடுத்து, பணத்தைக் கணக்குப் பார்த்து, வாரத்துக்கு ஆட்டங்களைப் போட்டு, எதிர் நிகழ்ச்சியோடு போட்டி போடவேண்டும். ஆட்டங்களை ஆடாமலே முடிவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் ஒரு வாரம் பத்து நிமிடத்தில் முடியும். தூக்கம் கண்ணைச் சொருகும் இரவுகளில் ஒரே கையால் இதை ஆடியிருக்கிறேன். களைத்துப்போன நட்சத்திரத்தை ஓய்வில் வைப்பதா, டிக்கெட் விற்பனைக்காக மேலும் ஒரு வாரம் இழுத்தடிப்பதா என்று யோசிக்கும்போது, எழுதாத கதை ஒன்று தானாக உருவாகிவிடுகிறது.

கன்சோலோ கணினியோ வாங்கும் எண்ணமே இல்லாதவர், ரெஸ்லிங் எம்பயரைக் கைபேசியில் இறக்கிப் பார்க்கலாம். மாட் டிக்கி என்ற பிரிட்டிஷ்காரர் ஏறக்குறையத் தனியொருவராகச் செய்தது, உருவங்கள் கரடுமுரடு, பெயர்கள் எல்லாம் மாற்றுப் பெயர்கள். ஆனால் ஒப்பந்தப் பேரம், முதுகுக்குப் பின்னால் சதி, ஆட்டத்தில் கை ஒடிந்து வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பது என்று, யாரும் எழுதிவைக்காத விபத்துகள் அதில் நடந்துகொண்டே இருக்கும். தேநீர் இடைவேளைக்கு அது போதும்.

எடுக்கக்கூடாதவை பற்றியும் சொல்லவேண்டும். 2கே வரிசையின் சீட்டு சேர்க்கும் பகுதியான மைஃபேக்ஷனும், 2கே25இல் வந்த ஐலண்ட் என்ற இணையப் பகுதியும் கதைபோல வேடமிட்டாலும், நாள்தோறும் வா, இன்றைய வேலையை முடி, இல்லையேல் பணம் கொடு என்று கேட்பவை. வேலைக்குப் போய்வந்து இன்னொரு வேலையில் சேர்வதற்கு அது சமம். இவ்வகைப் பகுதிகள் பழைய பதிப்புகளில் சில ஆண்டுகளிலேயே சர்வர் மூடப்பட்டுப் போய்விடுவதும் உண்டு. ஷோகேஸ் எங்கும் போய்விடாது. ஆகவே சென்ற ஆண்டுப் பதிப்பைத் தள்ளுபடியில் வாங்கி, அதன் கதைப் பகுதியை மட்டும் ஆடுவது நேரமில்லாதவருக்கு எல்லா வகையிலும் லாபம். மார்ச்சில் புதியது வந்ததும் பழையதன் விலை இறங்கும். நமக்கோ அதை முடிக்கவே அடுத்த மார்ச் ஆகிவிடும்.

எந்த இயந்திரத்தில் ஆடுவது என்பது, எந்த விளையாட்டு என்பதற்கு இணையான முடிவு. ப்ளேஸ்டேஷன் 5ஐ ஓய்வு நிலையில் விட்டால் ஆட்டம் விட்ட இடத்தில் நிற்கும். ஆனால் நடுவில் மின்சாரம் போய்விட்டால் அந்த நிலை போய்விடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இயந்திரங்கள் அதை உள் சேமிப்பில் எழுதிவைப்பதால், பிளக்கைப் பிடுங்கி மறுநாள் போட்டாலும் பெரும்பாலும் அதே இடத்தில் திறக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இது சிறு வேறுபாடு அல்ல. ஸ்விட்ச்சும் ஸ்டீம் டெக்கும் பேட்டரியில் ஓடுவதால் இந்தக் கவலையே இல்லை. எதை வாங்கினாலும், அப்டேட்களைத் தானாகவே இரவில் இறக்கிக்கொள்ளும்படி முதல்நாளே அமைத்துவிடுங்கள். சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு, அந்த வாரத்தின் ஒரே 40 நிமிடத்தை, நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்த்தே கழித்தேன். 98 விழுக்காட்டில் மகன் எழுந்து தண்ணீர் கேட்டான்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். செவ்வாய், வியாழன் இரவுகளில் ஷோகேஸில் ஓர் ஆட்டம். மற்ற இரண்டு வேலைநாள்களில் கண் திறந்திருந்தால் மைஜிஎம்மில் ஒரு வாரம், இல்லாவிட்டால் தூக்கம். சனிக்கிழமை மைரைஸ். மூன்றும் ஒரே பதிப்பில் இருப்பதால் கை குழம்புவதில்லை. கணினியில் ஃபைட் ஃபாரெவர் இருந்தாலும், ஷோகேஸ் முடியும்வரை அதைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மைரைஸுக்கு மட்டும், தொலைக்காட்சி மேசையில் கிடக்கும் பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், நிறுத்தும்போது ஒரு வரி எழுதுகிறேன்: யார் நம் பக்கம், யார் ஏமாற்றினார், அடுத்து யாரைப் பார்க்கவேண்டும். சென்ற வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்த என் மனைவி, 'நம்பாதே, அவள் கடைசியில் கழுத்தறுப்பாள்' என்று எழுதியிருக்கிறதே, யாரைப் பற்றி என்று கேட்டாள்.